ஆள் வைக்காமல் குளியல் பொடித் தொழில்: வடகரைத் தோட்டங்களுக்கு ஏற்ற உபதொழில்

தென்காசி மாவட்டம் செங்கோட்டை வட்டாரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள வடகரை, பண்பொழி, மேக்கரை, அச்சன்புதூர் பகுதிகளில் நெல், தென்னை, மா ஆகியவை முக்கியப் பயிர்கள். அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயரத்தில் கட்டப்பட்ட அடவிநயினார் அணை இப்பகுதிப் பாசனத்துக்கு உதவுகிறது. தண்ணீருக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் மலையை ஒட்டிய தோப்புகளில் யானைகள் புகுந்து தென்னையையும் மாவையும் சாய்த்துவிடுகின்றன. சிறு தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரே இரவில் பல ஆண்டு உழைப்பு போய்விடும். ஆகவே தோப்பு வருமானத்தை மட்டும் நம்பாமல் வேறொரு வழியும் வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதி விவசாயிகளிடம் வலுத்து வருகிறது.

அவ்வழிகளில் ஒன்று குளியல் பொடி, சோப்பு போன்ற சருமப் பராமரிப்புப் பொருள்கள் தயாரிப்பது. குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது. சாரல் காலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வருவோர் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் இவ்வழியே செல்கின்றனர். சந்தை வீட்டு வாசலுக்கே வருகிறது என்று சொல்லலாம். ஆனால் கூலிக்கு ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு இத்தொழிலில் வரவு சீராக இருப்பதில்லை. எனவே ஒருவரே எவ்வளவு தூரம் இதை வளர்க்க முடியும் என்பதைக் கணக்குப் பார்த்து இறங்குவது நல்லது.

வீட்டில் தொடங்கி வளர்ந்தவர்கள்

கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடாவில் சி.ஆர். கேசவன் வைத்தியர் 1940ல் சந்திரிகா சோப்பைத் தொடங்கினார். சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த டாக்டர் வி.பி. சித்தன் 1969ல் சமையலறையில், மனைவியின் உதவியோடு தயாரித்த சோப்புதான் மெடிமிக்ஸ். தோல் நோயால் அவதிப்பட்ட ரயில்வே தொழிலாளர்களுக்காக அவர் அதைச் செய்தார். இரண்டுமே பின்னர் பெரிய நிறுவனங்களாகிவிட்டன. ஆயினும் தொடக்கத்தில் அவர்கள் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தனி ஆளாகத் தொழில் நடத்துபவர் இதைப் பின்பற்றலாம்.

கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு சாஷே பைகளில் அடைத்து விற்ற முறை வேறு வகையானது. ஏழை எளியவர் கைக்கும் பொருள் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் சிறு பை என்றால் ஆயிரக்கணக்கில் அடைக்க வேண்டும். அதற்கு ஆளும் இயந்திரமும் வேண்டும். தனி ஆளுக்கு அது ஒத்துவராது. ஏன் என்பது கீழே வரும் நேரக் கணக்கில் தெரியும்.

கலவையும் அதற்கு வேண்டிய நிலமும்

முதலில் குளியல் பொடி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அது உலர்ந்த பொருள். கிரீம், லோஷன் போன்றவற்றில் தண்ணீர் கலப்பதால் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து சேர்க்க வேண்டும், பரிசோதனையும் அதிகம். வீட்டு அளவில் அவற்றைத் தொடாமல் இருப்பதே மேல்.

பாசிப்பயறு 70 பங்கு, ஆவாரம்பூ 10 பங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ரோஜா இதழ், கோரைக்கிழங்கு ஆகியவை தலா 5 பங்கு என்பது எளிய கலவை. மாதம் 60 கிலோ பொடி செய்வதாக வைத்துக்கொண்டால் பாசிப்பயறு மட்டும் 42 கிலோ தேவைப்படும். ஆண்டுக்கு 504 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ விளைச்சல் என்று கொண்டாலும் இரண்டரை ஏக்கர் வேண்டும். எனவே பயறு பெரும்பாலும் வெளியில் வாங்க வேண்டியதுதான். நெல் அறுவடைக்குப் பின் தரிசில் பயறு விதைக்கும் பக்கத்து விவசாயிகளிடம் களத்திலேயே பேசி வாங்கினால் பயறு வண்டு விழாத புதுச் சரக்கு கிடைக்கும்.

கஸ்தூரி மஞ்சள் கணக்கு வேறு. மாதம் 3 கிலோ உலர்ந்த மஞ்சள் போதும். பச்சைக் கிழங்கு 5 கிலோ உலர்ந்தால் சுமார் 1 கிலோ தேறும் என்பதால் மாதத்துக்கு 15 கிலோ, ஆண்டுக்கு 180 கிலோ பச்சைக் கிழங்கு வேண்டும். சதுர மீட்டருக்கு 1 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 180 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய நாலரை சென்ட் இடம் போதுமானது. தென்னந்தோப்பின் நடுவிலேயே இதைச் செய்துவிடலாம்.

அசல் எது, போலி எது

குளியல் பொடி செய்வோர் அதிகம் ஏமாறுவது கஸ்தூரி மஞ்சளில்தான். குர்குமா அரோமாட்டிகா என்ற தாவரமே அசல். இதன் கிழங்கை வெட்டினால் உட்புறம் வெளிர் நிறமாக, பாலேட்டின் நிறத்தில் இருக்கும். முகர்ந்தால் கற்பூரம் கலந்த வாசனை வரும். சமையல் மஞ்சளைப்போலத் தோலில் நிறம் ஏறாது. கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வட்ட வட்டமாக நறுக்கி விற்கப்படுவதில் பெரும்பகுதி மஞ்சள் நிறமான வேறு கிழங்கு. கேரளத்தில் அதை மஞ்சக்கூவை என்பர். பொடி நல்ல மஞ்சளாக இருந்தால்தான் அசல் என்று வாங்குவோரும் நினைத்துக்கொள்கிறார்கள், விஷயம் நேர்மாறு. விதைக்கிழங்கு வாங்கும்போதே ஒன்றை வெட்டிப் பார்த்து, முகர்ந்து, பின்னரே விலை பேச வேண்டும். தன் தோப்பில் அசல் கிழங்கை விளைவிப்பவருக்கு இதுவே பெரிய பலம். வாடிக்கையாளருக்குக் கிழங்கை வெட்டிக் காட்டினால் வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

மே கடைசி அல்லது ஜூனில் சாரல் தொடங்கும் சமயம் நடுவது ஏற்றது. 20 முதல் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தோப்பில் வெயில் கீழே இறங்கும். அத்தகைய தோப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வட்டப்பாத்தியை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும் என்பதால் வடிகால் அவசியம். தை, மாசியில் இலைகள் பழுத்துக் காய்ந்ததும் கிழங்கை எடுக்கலாம். சமையல் மஞ்சளைப்போல இதை வேகவைக்கக் கூடாது. மண் போகக் கழுவி, மெல்லிய வில்லைகளாகச் சீவி, அப்படியே உலர்த்த வேண்டும். மஞ்சள் இலையையும் கிழங்கையும் யானை விரும்பித் தின்பதில்லை என்பது மலையடிவாரத் தோப்புகளுக்குக் கூடுதல் வசதி.

ஆவாரம்பூவைச் சாலையோரம் பறிக்காமல், மருந்து தெளிக்காத தரிசு நிலத்தில் காலையில் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும். வெட்டிவேரை மண் நிரப்பிய சாக்குப்பைகளில் வளர்த்தால் வேரை அறுபடாமல் எடுக்கலாம். தரையைத் தோண்டும் கூலியும் மிச்சம்.

சேர்க்கக் கூடாதவை

பழைய குளியல் பொடிக் குறிப்புகள் பலவற்றில் கார்போகரிசி இடம்பெறும். இதில் சோராலன் என்ற பொருள் உள்ளது. தோலில் பட்டபின் வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்புளம் உண்டாகலாம், கருந்தழும்பும் நிற்கலாம். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர் மேற்பார்வையில் இது பயன்படுவதும் இந்தக் குணத்தினால்தான். யார் வாங்குகிறார், குளித்துவிட்டு வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறார் என்பது தெரியாமல் விற்கும் பொடியில் இதற்கு இடமில்லை.

எலுமிச்சைத் தோலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே மலிவாகக் கிடைப்பதால் தோலை உலர்த்திப் பொடியில் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. நாட்டு எலுமிச்சையின் தோலிலும் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்கள் உள்ளன. முகத்தில் பூசி ஊறவைக்கும் பொடியாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சிவப்பழகு தரும் என்று சொல்லி விற்கும் மூலப்பொருள்களையும் வெளியிலிருந்து வாங்கிக் கலக்கக் கூடாது. 2023ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த முகப்பூச்சுகளைப் பயன்படுத்திய சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது கண்டறியப்பட்டது. அச்செய்திக்குப் பின் வாங்குவோர் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பது நல்லதே.

வெயில் காலத்தில் உலர்த்தி, சாரல் காலத்தில் விற்பது

இப்பகுதியில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்றே ஈரமாக இருக்கும். விற்பனை சூடுபிடிப்பதும் அப்போதுதான். ஆகவே மாசி முதல் சித்திரை வரை கிடைக்கும் வெயிலிலேயே ஆண்டுத் தேவைக்கான கிழங்கு, பூ, வேர் அனைத்தையும் உலர்த்தி முடித்துவிட வேண்டும். மஞ்சள் வில்லையை வளைத்தால் வளையாமல் படக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அதை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் அமைத்துத் தரும் சூரியக் கூடார உலர்த்தி இருந்தால் தூசியும் கோழியும் அண்டாமல் உலர்த்தலாம். ஆனால் அது குறைந்தது சில நூறு சதுர அடி பரப்புள்ளது. குழுவாகச் சேர்ந்து அமைப்பதே கட்டுப்படியாகும்.

உலர்ந்தவற்றை முழுதாகவே காற்றுப் புகாத டிரம்களில் வைத்திருந்து, பத்துப் பதினைந்து நாள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கலாம். அரைத்த பொடி ஈரத்தை இழுக்கும். வாசனையும் சீக்கிரம் போய்விடும்.

மாவு மில்லில் அரைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முந்தின ஆள் மிளகாய் வற்றல் அரைத்துவிட்டுப் போயிருந்தால் அந்தக் காரம் பொடியில் இறங்கும். குழந்தையைக் குளிப்பாட்டும் பொடியில் மிளகாய்த் தூள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழுவிச் சுத்தம் செய்த, மிளகாய் அரைக்காத மில் கிடைத்தால் மட்டும் கூலிக்கு அரைக்கலாம். இல்லையேல் சிறு அரவை இயந்திரம் ஒன்றை வாங்கிவிடுவது உத்தமம். இத்தொழிலில் முதலில் செய்யவேண்டிய முதலீடும் அதுவே.

சோப்பு

தேங்காய் எண்ணெய் சோப்பை இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 5 சதவீத எண்ணெய் மாறாமல் மிஞ்சி நிற்க, சோடாவை 174 கிராமாகக் குறைப்பார்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்ட சோப்பு நன்றாக நுரைக்கும்; தோலை வறட்டும். அதனால் மிஞ்சும் எண்ணெயை இன்னும் கூட்டுவதும் உண்டு. தராசு சரியில்லாதவர் இதில் இறங்கக் கூடாது. சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை சோடா அரித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. வார்த்த சோப்பு 4 முதல் 6 வாரம் காற்றாட இருக்க வேண்டும். சாரல் காலத்தில் மேலே வியர்த்து நிற்கும் என்பதால் இன்னும் சில நாள் கூடுதலாகும். கந்தகப் புகை போட்ட கொப்பரையின் எண்ணெயைத் தவிர்க்கவும். 2025ம் ஆண்டுப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டது. வெளிச்சந்தையில் விலை அதைவிட வெகுவாக ஏறியது. சொந்தத் தேங்காய் உள்ளவரும் எண்ணெய்க்குச் சந்தை விலையைப் போட்டே சோப்பின் அடக்க விலையைக் கணக்கிட வேண்டும். தேங்காயாக விற்றாலே லாபம் என்ற ஆண்டில் சோப்பு செய்வது நஷ்டம்.

நேரம்தான் முதல்

குடும்ப வேலை போக ஒரு நாளைக்கு 4 மணி நேரம் ஒதுக்கக்கூடிய குடும்பத் தலைவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 25 நாளுக்கு 100 மணி நேரம். அவர் 60 கிலோ பொடியை 100 கிராம் பைகளாக அடைத்தால் 600 பை. நிறுத்து, அடைத்து, ஒட்டி, முத்திரையிட பைக்கு 4 நிமிடம் என்றால் 40 மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரு பை வாங்கி, அதை அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டுமென்றால் பார்சலுக்கு 8 நிமிடம் வீதம் 80 மணி நேரம். மொத்தம் 120. உலர்த்தவும் அரைக்கவும் தொடங்குமுன்பே நேரம் தீர்ந்துவிட்டது. இந்தக் கட்டத்தில்தான் பலர் ஆள் தேடுகிறார்கள், அல்லது இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதே 60 கிலோவை 250 கிராம் பைகளாக அடைத்தால் 240 பை. பைக்கு 5 நிமிடம் வைத்தாலும் 20 மணி நேரம். பார்சலுக்கு ஒன்று வீதம் அனுப்பினாலும் 32 மணி நேரம். மொத்தம் 52. பாக்கி 48 மணி நேரம் அரைக்கவும், கணக்கு எழுதவும், தோப்பைப் பார்க்கவும் கிடைக்கும். 100 கிராம் பைதான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று பையைச் சேர்த்தே விற்பது என்று வைத்துக்கொண்டால் பார்சல் 200 ஆகக் குறையும்.

கூரியர் வாரம் இரண்டு நாள் மட்டும், வாட்ஸ்அப் ஆர்டருக்குப் பதில் மாலை ஒரு மணி நேரம் மட்டும் என்று வரையறுத்துக்கொண்டால் வேலை சிதறாது. வகைகளைக் கூட்டுவது பெரும்பாலும் விற்பனையைக் கூட்டுவதில்லை. பாத்திரம் கழுவும் வேலையைத்தான் கூட்டும்.

விலை வைக்கும்போது தன் உழைப்புக்குக் கூலி போடாமல் விடுவது இல்லத்தரசிகள் செய்யும் பெரிய பிழை. வேறொருவரை வைத்தால் மணிக்கு என்ன கொடுப்போமோ அதைத் தனக்கும் போட வேண்டும். சரக்கு பற்றவில்லை, ஆர்டர் தேங்குகிறது என்றால் ஆள் வைப்பதற்கு முன் விலையைச் சற்று ஏற்றிப் பார்க்கலாம். குற்றாலக் கடைகளுக்குக் கொடுப்பதானால் கடைக்காரர் கழிவு போகவும் கூலி நிற்க வேண்டும். சீசன் முடிந்ததும் பணம் என்ற பேச்சுக்கு இணங்கிக் கடனுக்குச் சரக்குப் போட்டவர்கள் அடுத்த சீசனிலும் அதே பணத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உரிமம் இல்லாமல் விற்கலாமா?

விற்கக் கூடாது. குளியல் பொடியும் சோப்பும் 1940ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. முன்பு சோப்புக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. 1982ல் செய்யப்பட்ட திருத்தத்தில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 2020ம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் பெற வேண்டும். தயாரிக்கும் இடம் குடியிருப்போடு சேர்ந்திருக்கக் கூடாது. பொடி வகைக்கு 15 சதுர மீட்டர் பரப்பு பரிந்துரைக்கப்படுகிறது. ஆக, சமையலறையில் செய்து விற்பதற்கு இடமில்லை. தோட்டத்தில் தனி அறை கட்ட வேண்டும்.

தனி ஆளுக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. மருந்தாளுநர் பட்டயம் அல்லது இன்டர்மீடியட் அளவில் வேதியியல் படித்த ஒருவர் முழுநேரமாகப் பொறுப்பேற்று உற்பத்தியை மேற்பார்வையிட வேண்டும். பிளஸ் டூவில் வேதியியல் படித்த பெண்கள் இன்று கிராமங்களில் நிறைய இருக்கிறார்கள். தம்முடைய சான்றிதழே போதுமா என்பதை அறை கட்டுவதற்கு முன்பே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். போதாது என்றால், உரிமம் பெற்ற வேறொரு தொழிற்கூடத்தில் தன் பெயரில் தயாரித்துக்கொள்ளும் கடன் உரிமம் பெற விதிகளில் வழி இருக்கிறது. ஆள் வைக்காமல் வளர விரும்புவோருக்கு இது மிகவும் பொருத்தமானது. மூலப்பொருளைத் தானே கொடுத்து, கலவையைத் தானே நேரில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

சொறி, சிரங்கு, படை தீரும் என்று உறையில் அச்சடித்தால் அது மருந்தாகிவிடும். சித்த மருந்து உரிமம் வேறு. தொகுதி எண், தயாரித்த மாதம், எடை, விலை, உட்பொருள்கள், முகவரி ஆகியவை உறையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பையை எடுத்து வைத்து, எந்தக் களத்துப் பயறு, எந்த நாள் அரைத்தது என்று நோட்டில் எழுதிவந்தால், ஒருவர் அரிப்பு என்று சொல்லி வரும்போது எந்தச் சரக்கை நிறுத்துவது என்று தெரியும். முதன்முறை வாங்குவோரிடம் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.

சரக்கு மற்றும் சேவை வரியில், சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாட்டுக்குள் பதிவு தேவையில்லை. ஆனால் புளியரை தாண்டிப் புனலூர்க் கடைக்கு 10 பை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். செங்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு மலைக்கு அந்தப்புறம் வெளியூர் என்ற நினைப்பே வருவதில்லை. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது! வரிச் சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

உரிமம் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உலர்ந்த கஸ்தூரி மஞ்சள் வில்லை, ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றைப் பொடியாக்காமல் விளைபொருளாகவே நாட்டு மருந்துக் கடைகளுக்கும் உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கும் விற்கலாம். அசல் கஸ்தூரி மஞ்சளுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளை இப்படிக் கழித்து, வரும் பணத்தில் தனி அறையும் அரவை இயந்திரமும் அமைத்துக்கொள்வது கடன் வாங்கித் தொடங்குவதைவிடப் பத்திரமான வழி.

கடன் தேவைப்படுவோர் மானியத்துடன் கூடிய சுயதொழில் திட்டங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். சாகுபடி, உலர்த்தல் பற்றிய ஐயங்களுக்கு ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையத்திலும், தத்தம் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விவரம் பெறலாம். வரும் சாரலில் நட விரும்புவோர் மாசியில் கிழங்கு எடுக்கும் தோப்புகளிலேயே விதைக்கிழங்குக்குச் சொல்லி வைத்து, நிழலில் மணல் பரப்பிச் சேமித்துக்கொள்ளவும்.